விரல் வைத்தால் சொல்லும் காற்று

லுவாங்கா கரை
ஜூன் 2

அன்பு மருமகள் தியாமிகேவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். உன்னைச் சிட்டெஞ்சேத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு உன் அம்மா உசிப்பா மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே சொன்னேன்: "அக்கா, இது ஒருநாள் சோம்பா நகரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏரிக்காற்றைக் கணக்குப் பார்க்கும்." அப்போது இந்தக் கரையில் கம்ப்யூட்டர் என்ற சொல்லை அறிந்தவன் நான் ஒருவன்தான். உன் அம்மா என்மேல் ஒரு மீனை எறிந்தாள். மீன் உண்மை. கேட்டுப் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் லிம்பானி திங்கட்கிழமைதோறும் படகில் ஆளேற்றிக்கொண்டு அக்கரைச் சந்தைக்குப் போகிறானே, இப்போதும் இருட்டிலேயே எஞ்சினைக் கிளப்புகிறான். ம்வேரா காற்று மாதம் தொடங்கிவிட்டது. போன திங்கள் நடு ஏரியில் படகு ஒருபக்கம் சாய்ந்து, இரண்டு கூடை உசிப்பா மறுபடி ஏரிக்கே போனது. மூன்றாவது கூடையின்மேல் உட்கார்ந்திருந்தவள் உன் அம்மா. அவள் போகவில்லை. கூடையைவிட அவள் கனம்.

ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, விடிந்து வெயில் ஏறியபின்தான் படகு போகவேண்டும் என்றேன். உன் அண்ணன் குதித்தான்.

"விடிஞ்சப்புறம் போனா சந்தையில உசிப்பா வாங்க நாய்தான் நிக்கும், மாமா."

"விடியறதுக்கு முன்னாடி போனா மீன் உன்னை வாங்கும்டா!"

நல்ல பதில் இல்லையா? ஊரே கைதட்டியது. (பாதி ஊர்.) ஆனால் கிராமத் தலைவி சிங்கோம்பே அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "வைசன், உன் வாயை வச்சு ஒரு படகு கட்டினா அது காத்தே இல்லாம மொசாம்பிக் போய்ச் சேரும். எனக்கு வாய் வேணாம். கண்ணுல காட்டு." வரும் 15ஆம் தேதி மறுபடி கூட்டம்.

ஆகவே, நீ கொடுத்துவிட்டுப் போன அந்தச் சின்னக் காற்றாடிக் கருவியைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் நின்று தினமும் விடியல், உச்சி, மாலை என்று நான் எழுதிய கணக்கெல்லாம் இதோடு வைத்திருக்கிறேன். அதை வைத்து நீ செய்வாயே, விரல் வைத்தால் பேசும் படம், அதைச் செய்து அனுப்பு. மலையேறிப் போனில் சிக்னல் பிடித்துக் கத்த என் முழங்கால் சம்மதிக்காது. மீன் லாரிக்காரனிடம் கொடுத்தனுப்பு. ஆறாம் வகுப்பு படித்தவன் நான், எழுத்து புரியும். (ஏழாம் வகுப்பு ஆசிரியர் எனக்குப் பயந்து மாற்றலாகிப் போனதால்தான் மேலே படிக்கவில்லை.)

உன் தாய்மாமன்,
வைசன்


சோம்பா
ஜூன் 9

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் உசிப்பா வாசனையோடு வந்து சேர்ந்தது. பக்கத்து மேஜைக்காரர் சன்னலைத் திறந்துவிட்டார். லாரிக்காரர் இன்னொன்றும் சொன்னார். நான் அரசாங்கத்தின் காற்று மந்திரி என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். தயவுசெய்து நிறுத்துங்கள். நான் மீன்வளத் திட்டத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கிறவள். எனக்குச் சொந்தமாக ஒரு மேஜைகூடக் கிடையாது.

படம் செய்துவிட்டேன். நான் கையால் வரைவதில்லை, மாமா. உங்கள் கணக்கை உள்ளே ஏற்றி, எப்படி வரையவேண்டும் என்று பைத்தானில் சில வரிகள் எழுதினால், அது ஒரு பக்கத்தைத் தயார் செய்து தருகிறது. (ஆம், மலைப்பாம்பின் பெயர்தான். ஊரில் சொல்லவேண்டாம்.) அந்தப் பக்கத்தை போனில் இருக்கும் பிரவுசரில் திறந்தால் ஒவ்வொரு வேளையும் ஒரு புள்ளி. பலத்த காற்று சிவப்பு, மெதுவான காற்று நீலம். புள்ளிமேல் விரலை வைத்தால் தேதி, வேளை, காற்றின் வேகம் (மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று) மூன்றும் எழுந்து நிற்கும். இரண்டு விரலால் விரித்தால் ஒரு வாரம் மட்டும் பெரிதாகத் தெரியும்.

படம் முதலில் விரிந்தபோது எனக்கு உட்காரவே முடியவில்லை. மே மாதம் முழுக்க விடியல் சிவந்து கிடக்கிறது. வெயில் ஏறியபின் நீலம். அண்ணன் புறப்படும் வேளைதான் இருப்பதிலேயே மோசமான வேளை.

ஆனால் ஒரு புள்ளி என்னைத் தூங்கவிடவில்லை. மே 22, விடியல், ஐம்பத்திரண்டு. மற்ற எல்லாப் புள்ளியையும் விட்டு எங்கோ மேலே தனியாக நிற்கிறது. மாமா, உங்களை எனக்குத் தெரியும். ஒரு சாம்போ மீன் பிடித்தால் அது உங்கள் வாயில் முதலையாகிவிடும். இந்த ஐம்பத்திரண்டு காற்றின் கணக்கா, உங்கள் கணக்கா? அது ஒன்று பொய்யென்றால் மற்றதை யார் நம்புவார்? அண்ணனே சிரிப்பான். போன மாதம் நான் சொன்னதற்கே, "சோம்பாவுல உக்காந்து ஏரிக்காத்தைப் பேசறியா" என்று கேட்டுவிட்டு அதற்குப்பின் என் எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை.

நாள் இல்லாததால் மெமரி கார்டை இதோடு ஒட்டி அனுப்புகிறேன். நீங்கள் எழுதியது உண்மையானால் மட்டும் காட்டுங்கள்.

தியாமிகே


லுவாங்கா கரை
ஜூன் 18

மருமகளே,

உன் கடிதத்தைப் படித்து முடித்து ஒரு வேளை ன்சிமாக் களி சாப்பிடவில்லை. (பிறகு சாப்பிட்டேன்.) படிப்பு அதிகமானால் பிறந்த கரையின் வழக்கம் மறந்துவிடுமா? இங்கே மீனைப் பற்றிப் பொய் சொல்லலாம். வலையைப் பற்றி, வயதைப் பற்றி, போன மனைவியைப் பற்றிச் சொல்லலாம். காற்றைப் பற்றி மட்டும் சொல்லக்கூடாது. காற்றைப் பொய்யாய்ச் சொன்னவனை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். அவன் சாகும்வரை கரையைச் சுற்றி நடந்தே போகவேண்டியதுதான். நான் அறுபது வயதிலும் படகில் போகிறேன். அதிலிருந்தே தெரிந்துகொள். மே 22 அன்றுதான் தலைவியம்மாவின் சமையற்கட்டுக் கூரைத்தகடு பறந்துபோய் மாமரத்தில் தொங்கியது. ஐம்பத்திரண்டு!

இருந்தாலும் தாய்மாமனுக்குக் கோபிக்கத் தெரியும், மன்னிக்கவும் தெரியும். ஆகவே நல்ல செய்தியைக் கேள்.

கூட்டத்தில் உன் படத்தைத் திறந்தேன். ஆகா! போன் கண்ணாடியின் விரிசலையும் மீறி வெளிச்சம் பாய்ந்தது. சிவப்பு மலைகள், பச்சைப் பள்ளத்தாக்குகள். ஒவ்வொரு புள்ளியையும் தொடத்தொட அந்தக் காற்று எவ்வளவோ அவ்வளவு விசிலடித்தது. தலைவியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "வைசன், உன் மருமக காத்தைக் கண்ணாடிக்குள்ள பிடிச்சு வச்சிருக்காளே!" என்று வாயைப் பிளந்தாள். வெயில் ஏறியபின்தான் படகு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

உன் அண்ணன் மணலைத் தட்டிவிட்டு எழுந்து போனான். ஆனால் நேற்றுத் திங்கள், விடியலில், ஆளெல்லாம் ஏறிவிட்டார்கள். லிம்பானி எஞ்சின் கயிற்றில் கைவைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. கண்ணைமூடி உன் படத்தை நினைத்தான். "வேணாம்," என்றான், "தங்கச்சி படம் சிவப்புன்னு சொல்லுது." எல்லோரும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ம்வேரா இறங்கியது பார், நாற்பத்தேழு! பக்கத்துக் கரையிலிருந்து புறப்பட்ட படகு தக்காளி முழுவதையும் ஏரியில் எறிந்துவிட்டுத் தப்பி வந்தது. உன் அம்மா மணலில் நின்று அதைப் பார்த்தாள்.

இந்த வாரக் கணக்கும் இதோடு.

அவமானப்பட்டும் பெருமைப்படும்,
வைசன்


சோம்பா
ஜூன் 25

மாமா,

முதலில் மன்னிப்பு. கூரைத்தகடு மாமரத்தில் தொங்கியதை லாரிக்காரரும் பார்த்திருக்கிறார். ஐம்பத்திரண்டு உண்மை. இனி உங்கள் காற்றைச் சந்தேகிக்கமாட்டேன்.

ஆனால் உங்கள் படத்தைச் சந்தேகிக்கிறேன்.

நான் பச்சை நிறமே பயன்படுத்தவில்லை. அந்தப் படத்துக்கு விசிலடிக்கவும் தெரியாது. இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அலுவலகத்தில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, உங்களுக்கு அனுப்பிய அதே பக்கத்தைத் திறந்தேன். வெள்ளை. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. புள்ளிகளை உள்ளே வைத்திருந்தேன். அவற்றை வரைகிற கருவியை மட்டும் ஒவ்வொரு தடவையும் அது இணையத்திலிருந்து வரவழைக்கும்படி விட்டுவிட்டேன். இங்கே இணையம் எப்போதும் இருக்கிறது, அதனால் எனக்குத் தெரியவில்லை. லுவாங்காவில் பிறந்த நானே லுவாங்காவில் இணையம் இல்லை என்பதை மறந்துபோனேன். என் மேலதிகாரி இதைக் கேட்டால் சிரிப்பார். எனக்கு முகம் எரிகிறது.

அப்படியானால் கூட்டத்தில் எல்லோரும் எதைப் பார்த்தார்கள்? நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? எந்த வேளையைச் சிவப்பு என்றீர்கள்? தவறாகச் சொல்லியிருந்தால், அண்ணன் நல்ல வேளை என்று நம்பிப் புறப்படும் நேரம் கெட்ட வேளையாக இருக்கும். அம்மா அந்தப் படகில் இருப்பாள். இதற்குப் பதில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் ஒரு திங்கள் வந்துபோகும். இதை எழுதும்போது நான் மூன்று தடவை எழுந்து நடந்துவிட்டேன்.

புதிய கார்டு அனுப்புகிறேன். வரைகிற கருவி முழுவதையும் இந்தத் தடவை பக்கத்துக்குள்ளேயே திணித்துவிட்டேன். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் நிச்சயம் திறக்கும். கம்பியைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன். ஜூன் 17 விடியலின் நாற்பத்தேழும் அதில் இருக்கிறது.

உடனே எழுதுங்கள்.

தியாமிகே


லுவாங்கா கரை
ஜூலை 2

மருமகளே,

உட்கார். நடக்காதே. உன் அம்மா என் பக்கத்தில்தான் நிலக்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். படகு காய்ந்த மணலில் கிடக்கிறது.

சரி, வெள்ளைதான். பால் மாதிரி வெள்ளை. போனைத் துடைத்தேன், தட்டினேன், சூரியனுக்குக் காட்டினேன். முன்வரிசையில் ஒருவன், "என்ன பெரியவரே, காத்து படத்தையே அடிச்சிட்டுப் போயிருச்சா?" என்றான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொருவனாக இருந்தால் ஏரியில் குதித்திருப்பான். நான் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "யாரும் கிட்ட வராதீங்க, வெயில் பட்டா அழிஞ்சிடும். நானே படிச்சுச் சொல்றேன்," என்றேன்.

படித்தேன். விடியலெல்லாம் சிவப்பு என்றேன். வெயில் மாமரத்து உச்சியைத் தொட்டபின் சாந்தம் என்றேன். எல்லாம் நானே பாறைமேல் நின்று அளந்தது, மறக்குமா? நீ வரைந்ததும் அதுவே என்றால் என் நெஞ்சும் ஒரு பைத்தான்தான்.

லிம்பானி எழுந்தான். "மாமா, நெஞ்சுல கவுத்து வச்சிருக்கிற படத்தை எப்படிப் படிக்கறீங்க?"

"மனசால படிக்கறேன்டா. உனக்கு அது இருந்தா உனக்கும் தெரியும். இப்படியே பேசிட்டிரு, உன் கல்யாணப் பேச்சுக்கு எவன் வந்து மாமனா உக்காருவான்னு பாக்கறேன்."

தலைவியம்மா தீர்ப்புச் சொன்னாள் என்று எழுதினேன் அல்லவா, அதில் சற்று உப்பு கூடிவிட்டது. அவள் சொன்னது, "மறுபடி வாயால படகு கட்டறியா? படம் வரட்டும், அப்புறம் பேசலாம்." அவ்வளவே.

ஆனால் நேற்று முன்தினம் உன் புதிய கார்டு வந்தது! திறக்க ஆகும் நேரத்தில் ஒரு கோழியை உரித்துவிடலாம், ஆனால் திறந்தது. தலைவியம்மா எங்கெங்கோ விரலை வைத்தாள். பிறகு மேலே தனியாக நிற்கும் அந்த ஒற்றைப் புள்ளியில் வைத்தாள். மே 22, விடியல், ஐம்பத்திரண்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என் கூரை," என்றாள். ஆகஸ்டு முடியும்வரை வெயில் ஏறியபின்தான் படகு என்று அங்கேயே சொல்லிவிட்டாள். சத்தியமாகச் சொன்னாள். நேற்றுத் திங்கள் லிம்பானி வெயிலில் போய் வெயிலில் திரும்பினான். சந்தையில் உசிப்பா வாங்க நாயோடு மனிதர்களும் நின்றார்களாம்.

ஒரே ஒரு குறை. எல்லோரும் பார்த்து முடித்ததும் அந்த முன்வரிசைக்காரன் சொல்கிறான், "அட, பெரியவர் வாயால சொன்ன படம் இதைவிட நல்லா இருந்துச்சே. இது ஏன் விசிலடிக்கல?"

அடுத்த தடவை அதையும் சேர்.

வைசன்


சோம்பா
ஜூலை 9

மாமா,

"இது என் கூரை" என்ற இடத்தில் அழுதுவிட்டேன். அதையாவது நீங்கள் கட்டிச் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

மேலதிகாரி உங்கள் கதையைக் கேட்டார். நான் முழுவதும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்த படகோட்டி புறப்பாட்டை நிறுத்தினான் என்ற பகுதியை மட்டும் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். ஏரிக்கரை நெடுக எல்லா ஊருக்கும் ஒரு காற்றாடிக் கருவி, ஒரு மெமரி கார்டு என்று கொடுக்கப்போகிறார். எனக்கு ஒரு வருடம் நிரந்தர வேலை. மேஜையும் உண்டு. அறிக்கையின் முதல் பக்கத்தில் இப்படிப் போடப்போகிறார்: "லுவாங்கா கரையில், ஜூன் 17 அன்று, படகோட்டி படத்தின் எச்சரிக்கையை ஏற்றுத் தானாகவே பயணத்தை நிறுத்தினார். பலத்த காற்றிலிருந்து பயணிகள் அனைவரும் தப்பினர்." அதன்கீழே நேரில் பார்த்தவர் என்று உங்கள் கையெழுத்து வேண்டுமாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஆனால் மூன்று நாளாக அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். ஜூன் 17 அன்று உங்களிடம் இருந்தது வெள்ளைப் பக்கம். கூட்டத்தில் அண்ணன் உங்களைக் கேலி செய்திருக்கிறான். அப்படிப்பட்டவன் இரண்டு நாள் கழித்து, ஆளேறிய படகில், கயிற்றைப் பிடித்த கையை, பார்க்காத ஒரு படத்தை நினைத்தா நிறுத்தினான்?

அண்ணனுக்கும் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "மாமாகிட்ட கேளு. அன்னிக்கு மட்டும்தான் அவர் பேசல."

மாமா, இதற்கு என்ன அர்த்தம்?

தியாமிகே


லுவாங்கா கரை
ஜூலை 16

அன்பு மருமகளே,

நீ இப்படிக் கேட்பாய் என்பதும் எனக்கு முன்பே தெரியும். லாரி சத்தம் கேட்டதுமே முழங்கால் வலித்தது.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்து எவ்வளவு அழகு என்று உனக்குத் தெரியும். போடாமல் இருக்க எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும்.

அந்தத் திங்கள் நான் வழக்கம்போல் கருவியோடு பாறைக்குப் போனேன். தென்கிழக்கில் தண்ணீரின் நிறம் செத்துக் கிடந்தது. காற்று இன்னும் வரவில்லை, ஆனால் வருகிறது என்று பிடரி சொன்னது. கீழே வந்தால் ஆளெல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். உன் அம்மா கூடையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். லிம்பானி பெட்ரோல் கேனை எடுக்கக் குடிசைக்குள் போயிருந்தான். என்னிடம் இருந்தது வெள்ளைப் பக்கம். என் வாயை நம்ப அந்தக் கரையில் ஒருவரும் இல்லை. இத்தனை வருடமாகப் பேசிப் பேசி அந்த நம்பிக்கையை நானே செலவழித்துவிட்டேன்.

எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் ப்ளக்கைக் கழற்றினேன். ஒளிக்க இடம் இல்லை, சட்டைப்பை கிழிந்தது. வாயில் போட்டுக்கொண்டேன்.

லிம்பானி கயிற்றை இழுத்தான், இழுத்தான், தோள் கழன்றுவிடும் போல இழுத்தான். பிறகு மூடியைத் திறந்து பார்த்தான். "மாமா, ப்ளக் எங்க?" நான் ஏரியைப் பார்த்தேன். "மாமா, உங்களைத்தான் கேக்கறேன்!" நான் வானத்தைப் பார்த்தேன். அப்போது உன் அம்மா படகிலிருந்து சொன்னாள்: "தேடாதடா. வைசன் பொறந்ததுலேர்ந்து இவ்வளவு நேரம் வாயை மூடி நான் பாத்ததில்லை. உள்ளதான் வச்சிருக்கான்."

"துப்புங்க மாமா!"

துப்பவில்லை. அவன் என் சட்டையைப் பிடித்தான், ஒரு பொத்தான் போனது. ஏதேதோ சொன்னான், அதை எழுதமாட்டேன், எனக்கும் அவனுக்கும் நடந்தது. அவன் கை என் தாடைக்கு வரும்போது காற்று வந்துவிட்டது. கூடைமேல் போட்ட துணியெல்லாம் பறந்தது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள். அவன் என்னை விட்டுவிட்டு ஏரியைப் பார்த்தபடி நின்றான். நான் கருவியைத் தூக்கிப் பிடித்தேன். நாற்பத்தேழு. அந்த எண்ணை வாயில் ப்ளக்கோடு நின்றுதான் எழுதினேன். பிறகு மூன்று நாள் ன்சிமாவெல்லாம் பெட்ரோலாக இருந்தது.

ஏன் மாற்றி எழுதினேன் என்று கேட்பாய். நாயகன் வாயில் பெட்ரோல் நாறினால் கதை எடுபடாது என்பது ஒன்று. நீ செய்த படம் வெள்ளையாகப் போய்விட்டது என்று எழுத என் கை வரவில்லை என்பது இன்னொன்று. அது காற்றைப் பற்றிய பொய் இல்லை, மனிதனைப் பற்றிய பொய்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் உன் அதிகாரி அதை அச்சடித்து ஏரிக்கரை நெடுக அனுப்பினால், எங்கோ ஒரு கரையில் ஒருவன் அதை நம்பி, படத்தைக் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். படகு புறப்பட்டுப் போய்விடும். அப்போது அது காற்றைப் பற்றிய பொய்தான்.

தலைவியம்மாவின் விரலையும், அவள் சொன்ன மூன்று சொல்லையும் முதல் பக்கத்தில் போடு. அது நடந்தது. அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். மேஜை போய்விடுமானால் சொல், நானே லாரியில் ஏறிவந்து உன் அதிகாரியிடம் பேசுகிறேன். (அதனால்தான் போகாது என்று எனக்குத் தெரியும்.)

லிம்பானி இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் வந்து போனைக் கேட்கிறான். கட்டைவிரலை அந்த ஜூன் 17 புள்ளிமேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறான். "இதுல ப்ளக்கைக் காணோமே மாமா," என்கிறான். நான் வாயைத் துடைத்துக்கொள்கிறேன். உனக்கு எழுதுவதாகச் சொன்னான், எழுதுவான்.

ஆக, இத்தனை கடிதத்திலும், பச்சைப் பள்ளத்தாக்கு, விசில், தலைவியம்மாவின் முதல் தீர்ப்பு போன்ற சில்லறையை விட்டுவிட்டால், நான் கட்டிய கதை ஒன்றே ஒன்று, அவன் கை கயிற்றிலேயே நின்ற கதை. அன்று அவனை நிறுத்தியது உன் படம் இல்லை.

உன் தாய்மாமன்,
வைசன்